858 ஓட்டும் தமிழ் நோட்டீசும்

2014 ஆந்திரச் சட்டமன்றத் தேர்தலில் எங்கள் நகரித் தொகுதியில் நடிகை ரோஜா ஜெயித்தது வெறும் 858 ஓட்டு வித்தியாசத்தில். தோற்றவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. அமைச்சராக இருந்த காலி முத்துகிருஷ்ணம நாயுடு. 2019-இல் அவர் மகன் பானுபிரகாஷை ரோஜா வென்றது 2,708 ஓட்டில். 2024-இல் அதே பானுபிரகாஷ் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் வட்டியும் முதலுமாகத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

நான் நகரியில் பிரஸ் நடத்துகிறவன். 858 என்ற எண் எங்கள் தொழிலுக்கு என்ன செய்தது என்று எனக்குத்தான் தெரியும். அதற்குப் பிறகு எந்தக் கட்சியும் தமிழ்த் தெருக்களை இளப்பமாக நினைத்ததில்லை. நாமினேஷன் முடிந்த மறுநாளே ஆள் வந்துவிடும். "அண்ணே, ஏகாம்பரகுப்பத்துக்கு ரெண்டாயிரம் தமிழ்ல போட்டுடுங்க. தெலுங்கு மேட்டர் இந்தா இருக்கு, நீங்களே பார்த்து எழுதிக்குங்க." ஆக, வேட்பாளர் நெசவாளிக்கு என்ன வாக்குறுதி கொடுக்கிறார் என்று தமிழில் எழுதுகிற பாக்கியம் பல தேர்தல்களில் எனக்குத்தான் வாய்த்திருக்கிறது. மேடையிலும் அப்படித்தான். தறிச்சத்தம் கேட்கிற தெருவுக்குள் வண்டி திரும்பியதும் மைக்கில் தமிழ் வந்துவிடும். ரோஜாவுக்கு அது சுலபம். தமிழ்ப்படங்களில் நடித்தவர், இயக்குநர் செல்வமணியின் மனைவி. மற்றவர்களும் சமாளிப்பார்கள்.

தேர்தல் நோட்டீஸ் அடிப்பதற்கு ஒரு சட்டம் உண்டு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு. அடித்தவர் பெயர், வெளியிடுபவர் பெயர், இருவரின் விலாசமும் கீழே இருக்க வேண்டும். வெளியிடுபவர் ஒரு உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அவரை நேரில் அறிந்த இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். படிவத்தின் நகலும் நோட்டீசின் பிரதியும் மாவட்டக் கலெக்டருக்குப் போக வேண்டும். நான் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறேன். சித்தூர் கலெக்டர் ஆபீசில் அந்தக் கட்டுகளை யாராவது புரட்டினால், இந்த மாவட்டத்தில் தமிழ் படிக்கிற ஜனங்கள் எந்தெந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்று கட்சிகளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சாட்சியம் கிடைக்கும்.

ரிசல்ட் வந்த பிறகு அந்தத் தெருவுக்குத் தமிழில் ஒரு துண்டுச்சீட்டும் போவதில்லை. ரேஷன் அறிவிப்பு, வரி நோட்டீஸ், வார்டு ஆபீஸ் சுவரில் ஒட்டுகிற பயனாளிகள் பட்டியல் எல்லாம் தெலுங்கு. இத்தனை வருஷத்தில் அரசாங்க வேலை என்று தமிழில் ஒரு பக்கம்கூட என் மெஷினில் ஓடியதில்லை.

நாங்கள் எங்கிருந்தும் வந்து குடியேறியவர்கள் இல்லை. எல்லைதான் எங்கள் மேல் நடந்து போயிற்று. சித்தூர் மாவட்டம் 1911 ஏப்ரல் 1-ஆம் தேதி பிறந்தது. வட ஆற்காட்டிலிருந்து பெரும்பகுதி, கடப்பையிலிருந்து மதனப்பள்ளி, வாயல்பாடு பக்கம். 1953-இல் ஆந்திரம் பிரிந்தபோது மாவட்டம் முழுசாக அங்கே போயிற்று. தமிழ்ப் பகுதிகளைக் கேட்டு ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் வடக்கெல்லைப் போராட்டம் நடத்தினார்கள். படாஸ்கர் என்பவரை நடுவராக வைத்து, கிராமத்தை அலகாகக் கொண்டு, பெரும்பான்மை மொழியைப் பார்த்துப் பிரித்தார்கள். 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணியும் முந்நூற்றுச் சொச்சம் கிராமங்களும் சென்னை மாநிலத்துக்கு. செங்கல்பட்டு, சேலம் மாவட்டங்களிலிருந்து நூற்றைம்பது கிராமங்கள் போல ஆந்திரத்துக்கு. சத்தியவேடு அப்படித்தான் இந்தப் பக்கம் வந்தது. நகரி போன இடத்திலேயே நின்றுவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை. அந்த எல்லைச் சட்டம் நிறைவேறிய 1959-இல் மக்களவை சபாநாயகர் அனந்தசயனம் ஐயங்கார். திருச்சானூரில் பிறந்தவர், சித்தூர்த் தொகுதி எம்.பி. மாநிலங்களவைத் தலைவர் டாக்டர் ராதாகிருஷ்ணன். திருத்தணியில் தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தவர். இரண்டு சபையின் தலைமை நாற்காலியிலும் எங்கள் சீமைக்காரர்கள். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் விவாதத்தில் பேச முடியாது.

கிராமவாரியாகக் கத்தரித்தாலும், இரண்டு மொழியும் கலந்து கிடக்கிற ஊர்களில் யாராவது தப்பான பக்கத்தில்தான் விழுவார்கள். 2011 கணக்கெடுப்பில் அன்றைய ஒன்றுபட்ட ஆந்திரத்தில் தமிழைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் சுமார் 7 லட்சம். எல்லோரும் ஒரே இடத்தில் இருந்தால் இரண்டு மூன்று எம்.எல்.ஏ. தேறும். அப்படி இல்லை. ஹைதராபாத்தில் கொஞ்சம், எல்லை ஓரத்தில் சத்தியவேடு, நகரி, கங்காதரநெல்லூர், சித்தூர், பலமனேர், குப்பம் என்று ஒரு மெல்லிய கோடாகக் கொஞ்சம். ஒவ்வொரு தொகுதியிலும் ஜெயிக்கப் போதாது, ஜெயிப்பதைக் கெடுக்கப் போதும். அதனால்தான் நோட்டீஸ் உண்டு, சீட் கிடையாது.

சீட்டே கிடையாதா என்றால், உண்டு. ஜாதி பெயரில் உண்டு. குப்பத்தைப் பாருங்கள். 1989-லிருந்து சந்திரபாபு நாயுடுவின் கோட்டை. அவரை எதிர்த்து ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் 2014-லும் 2019-லும் நிறுத்தியது ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி சந்திரமௌலியை. அவர் காலமான பிறகு மகன் பரத்தை எம்.எல்.சி. ஆக்கி, 2024-இல் அவரையே நிறுத்தியது. காரணம் ஊருக்கே தெரியும்: அவர்கள் வன்னியகுல க்ஷத்திரியர்கள், குப்பத்தில் அந்தச் சமூகத்து ஓட்டு கனமானது. அந்த வீடுகள் பலவற்றில் பேச்சு தமிழ்தான். ஆனால் யாரும் அவர்களைத் 'தமிழ் வேட்பாளர்' என்று சொல்லவில்லை. 2020-இல் ஜெகன் அரசு பிற்பட்ட ஜாதிகளுக்கு 56 கார்ப்பரேஷன் அமைத்தபோது, வன்னியகுல க்ஷத்திரியருக்கு ஒன்று, முதலியாருக்கு ஒன்று. தமிழருக்கு என்று ஒன்று இல்லை.

இதைக் குறை என்று மட்டும் சொல்ல மாட்டேன். ஜாதிக் கணக்கில் கடன் கிடைக்கிறது, பதவி கிடைக்கிறது, பஞ்சாயத்துத் தலைவர் பதவி கிடைக்கிறது. கிடைக்காதது பள்ளிக்கூடத்துத் தமிழ் வாத்தியார். வாத்தியார் கேட்க வேண்டுமென்றால் முதலியார், வன்னியர், தலித் மூவரும் சேர்ந்து 'எங்கள் பிள்ளைகளுக்கு' என்று கேட்க வேண்டும். தனித்தனி கார்ப்பரேஷனில் உட்கார்ந்தவர்கள் ஒரே பெஞ்சில் உட்காருவதற்குக் காரணமே ஏற்படுவதில்லை. 2019-இல் ஆங்கில மீடியம் அரசாணை வந்தபோது தெலுங்கு மீடியத்துக்காக எத்தனையோ பேர் கொதித்தார்கள். 2020-இல் உயர்நீதிமன்றம் அதை ரத்தும் செய்தது. நகரித் தமிழ் மீடியத்தின் கதி என்ன என்று சட்டசபையில் எழுந்த குரல் எதுவும் என் காதுக்கு எட்டவில்லை.

அரசியல் சட்டம் தாழ்த்தப்பட்டவர், பழங்குடியினருக்குத் தொகுதி ஒதுக்குகிறது. ஆங்கிலோ இந்தியருக்கு நியமனம் இருந்தது, 2020-இல் அதுவும் போயிற்று. மொழிச் சிறுபான்மைக்கு இருப்பது வேறு மாதிரி. 350ஏ பிரிவு, தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர மாநிலம் முயல வேண்டும் என்கிறது. 350பி-யின்படி மொழிச் சிறுபான்மையினருக்கு ஒரு தனி ஆணையர் 1957 முதல் உண்டு. மத்திய, மாநில அரசுகள் ஒப்புக்கொண்ட ஏற்பாடுகளும் உண்டு: ஒரு வகுப்பில் 10 பிள்ளைகள் அல்லது பள்ளியில் 40 பிள்ளைகள் இருந்தால் அவர்கள் மொழியில் தொடக்கக் கல்வி, ஒரு பகுதியில் 15 சதவீதம் பேர் சிறுபான்மை மொழி பேசினால் முக்கியமான அரசு அறிவிப்புகள் அந்த மொழியிலும். இவை ஏற்பாடுகள்தான், சட்டம் இல்லை. யாராவது போய்த் தொடர்ந்து கேட்டால் நடக்கும். கேட்க ஆள் இல்லாவிட்டால் ஆணையரின் அறிக்கையில் ஒரு வரியாகப் படுத்திருக்கும்.

சிறுபான்மைக்குச் சபையில் இடம் தருகிற ஏற்பாடு வேறு நாடுகளில் உண்டு. ஜெர்மனியின் வட கோடியில் சுமார் ஐம்பதாயிரம் டேனிஷ்காரர்கள் இருக்கிறார்கள். ஒரு கட்சி 5 சதவீத ஓட்டு வாங்கினால்தான் சபைக்குள் போகலாம் என்ற விதியிலிருந்து அவர்கள் கட்சிக்கு விலக்கு உண்டு. 2021-இல் ஸ்டெஃபான் சைட்லர் என்பவர் அந்தக் கட்சி சார்பில் ஜெர்மன் நாடாளுமன்றத்துக்கே போனார். சிங்கப்பூரில் 1988 முதல் குழுத்தொகுதிகளில் ஒரு சிறுபான்மை வேட்பாளராவது இருந்தாக வேண்டும். ஆனால் அவர் கட்சியின் ஆளாகத்தான் உள்ளே போகிறார். அவ்வளவு தூரம் எதற்கு, கேரளத்து தேவிகுளத்தில் எம்.எல்.ஏ. ராஜா 2021-இல் தமிழில் பதவிப் பிரமாணம் எடுத்தார். வாசகத்தில் பிழை என்று இன்னொரு தரம் எடுக்கச் சொன்னார்கள். அப்போதும் தமிழிலேயே எடுத்தார். 2024-இல் கிருஷ்ணகிரி எம்.பி. கோபிநாத் தமிழ்நாட்டிலிருந்து போய் மக்களவையில் தெலுங்கில் எடுத்தார். தமிழ்நாட்டுத் தெலுங்குக்காரர்களுக்கும் 2006 தமிழ் கற்றல் சட்டத்தில் மனக்குறை உண்டு, நியாயமான குறைதான். அவர்களுக்கு அதைச் சபையில் சொல்ல ஆள் இருக்கிறது.

திருப்பதிக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது நம்ப முடியாமல் இருக்கும். மலைமேல் எங்கு பார்த்தாலும் தமிழ்ப்பலகை. மார்கழியில் சுப்ரபாதத்துக்குப் பதில் திருப்பாவை. தேவஸ்தானத்தின் 'சப்தகிரி' பத்திரிகை தமிழிலும் வருகிறது. அறங்காவலர் குழுவில் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இடமும் வழக்கம். எல்லாம் வந்து போகிற பக்தருக்கு. உள்ளூர்த் தமிழன் எம்.ஆர்.ஓ. (தாசில்தார்) ஆபீசில் மனு எழுத ஆள் தேட வேண்டும்.

2011 கணக்கெடுப்புக்கு டீச்சர் ஒருவர் எங்கள் தெருவுக்கு வந்தார். எதிர்வீட்டு அம்மா தமிழ் தவிர வேறு பேசி நான் கேட்டதில்லை. தாய்மொழி என்ன என்று கேட்டதும் ஒரு நொடி யோசித்து, "தெலுங்குனே போட்டுக்கோம்மா" என்றார். ஏன் என்று கேட்டேன். "எதுக்குப்பா வம்பு, அப்புறம் நீ அந்த ஊர்க்காரின்னு பென்ஷனை நிறுத்திட்டா?" அந்தப் பயம் அவர் ஒருவருடையது இல்லை. அப்படி எத்தனை வீடு சொன்னதோ, அந்த அளவுக்கு 15 சதவீதம் எங்களை விட்டுத் தள்ளிப் போயிற்று. தாய்மொழிக் கணக்கு மண்டலம் வரைக்கும் அட்டவணையாக வெளிவருகிறது. வாத்தியாரும் நோட்டீசும் கேட்கப் போனால் முதலில் எடுத்துக் காட்டுவது அந்தத் தாளைத்தான்.

அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 என்று தேதி குறித்திருக்கிறார்கள். தமிழ் என்று சொன்னால் ரேஷனும் போகாது, பென்ஷனும் போகாது. ஆந்திரக் குடிமகன் என்பதும் மாறாது. நகரி, சத்தியவேடு, குப்பம், சித்தூர் பக்கத்தில் உங்களுக்குச் சொந்தபந்தம் யாராவது இருந்தால், இதை அவர்களிடம் ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.