பாக்கியலட்சுமியின் தாய்வீடு கொல்கத்தா

2020 ஜூலையில் விஜய் டி.வி.யில் 'பாக்கியலட்சுமி' தொடங்கியபோது ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்தது. எல்லாருக்கும் முன்னால் எழுந்து, எல்லாரும் தூங்கிய பிறகு அடுப்படியைத் துடைத்துவிட்டுப் படுக்கும் ஒரு அம்மா; அவளுடைய படிப்பையும் பேச்சையும் மட்டம் தட்டும் புருஷன் கோபி; நாலு பேர் முன்னால் அவளை அம்மா என்று சொல்லக் கூச்சப்படும் பிள்ளை. பார்த்தவர்கள் "இது நம்ம தெருக் கதை" என்றார்கள். கோபியைத் திட்டாத வீடு இல்லை. 2025 ஆகஸ்ட் வரை ஐந்து வருஷம் அந்தத் தொடர் ஓடியது.

ஆனால் பாக்கியா பிறந்தது நம் ஊரில் இல்லை. அவள் முதலில் ஸ்ரீமயி சென்குப்தாவாகக் கொல்கத்தாவில் பிறந்தாள். 2019 ஜூன் மாதம் ஸ்டார் ஜல்சா சேனலில் தொடங்கிய 'ஸ்ரீமயி' என்ற வங்காளத் தொடரின் நாயகி அவள். கோபி அங்கே அனிந்தியா. கோபியின் வாழ்க்கைக்குள் வரும் ராதிகா அங்கே ஜூன் குஹா. இவர்களையெல்லாம் எழுதி உருவாக்கியவர் லீனா கங்கோபாத்யாய்.

இந்தியத் தொலைக்காட்சியில் கதை எழுதிப் பிழைப்பவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். லீனாவின் கதை வேறு. கதை, திரைக்கதை, வசனம் எழுதுகிறார். சைபல் பானர்ஜியோடு சேர்ந்து 'மேஜிக் மொமென்ட்ஸ் மோஷன் பிக்சர்ஸ்' என்ற நிறுவனத்தை நடத்தித் தாமே தயாரிக்கவும் செய்கிறார். பேனாவும் கல்லாப்பெட்டியும் ஒரே கையில் இருந்தால்தான் சொல்ல நினைத்ததைக் கடைசிவரை சொல்ல முடியும். தமிழில் நடிகை ராதிகா 'ராடான்' நிறுவனத்தைத் தொடங்கி, 1999-இல் 'சித்தி' மூலம் சன் டி.வி.யின் இரவு நேரத்தைப் பிடித்ததை நாம் பார்த்திருக்கிறோம். அவர் திரைக்கு முன்னால் நின்ற நட்சத்திரம். லீனாவோ திரைக்குப் பின்னால் இருந்தே அந்த இடத்தைப் பிடித்தவர்.

அந்த இடம் எப்படிப்பட்டது என்று புரிய, வங்காளச் சின்னத்திரையின் பழைய கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கொல்கத்தாவில் தூர்தர்ஷன் ஒளிபரப்பு 1975 ஆகஸ்ட் 9 அன்று, டாலிகஞ்சில் இருந்த ராதா ஸ்டுடியோவிலிருந்து தொடங்கியது. 1987-இல் ஜோச்சன் தஸ்திதார் இயக்கிய 'தேரோ பார்பன்' வங்காளிகளைச் சாயங்கால வேளைகளில் டி.வி. முன்னால் உட்காரவைத்தது. பின்னாளில் சத்யஜித் ராயின் துப்பறிவாளர் ஃபெலூடாவாகப் பெயர் வாங்கிய சப்யசாசி சக்ரவர்த்திக்கு அதுதான் பெரிய தொடக்கம். அதே தொடரில்தான் இந்திராணி ஹல்தார் என்ற இளம் நடிகையும் அறிமுகமானார். ரிதுபர்ண கோஷின் 'தஹன்' படத்துக்காக ரிதுபர்ணா சென்குப்தாவோடு சேர்ந்து தேசிய விருது பெற்ற அதே இந்திராணிதான், 32 வருஷம் கழித்து ஸ்ரீமயியாக நடித்தார். வங்காளச் சின்னத்திரையின் வரலாறு முழுக்க அந்த ஒரு முகத்தில் இருக்கிறது.

டப்பிங் தொடர்கள் மீது வங்காளத்துக்கு இருந்த பகையையும் சொல்ல வேண்டும். 2011-இல் இந்தி 'மகாபாரத'த்தை வங்காளத்தில் டப் செய்து இரண்டு சேனல்கள் ஒளிபரப்ப முயன்றபோது, கலைஞர்களும் தொழில்நுட்பப் பணியாளர்களும் கடுமையாக எதிர்த்தார்கள். எங்கள் வேலை போய்விடும் என்பது அவர்கள் வாதம். வழக்கு இந்தியப் போட்டி ஆணையம் வரை போய், 2017-இல் உச்ச நீதிமன்றத்தில் கலைஞர்கள் தரப்புக்கு எதிராக முடிந்தது. சட்டப்படி தோற்றாலும், சொந்தக் கதை வேண்டும் என்ற பிடிவாதம் அங்கே தளரவில்லை. அதனால் எழுத்தாளருக்கு வேலை இருந்தது. அவரை நம்பியே சேனலும் இருந்தது.

அந்த நிலத்தில்தான் 2011-இல் லீனாவின் 'இஷ்டிகுடும்' வந்தது. பலாஷ்பனி என்ற கிராமத்துக்குச் செய்தி சேகரிக்கப் போகும் கொல்கத்தா பத்திரிகையாளன் அர்ச்சிஸ்மான். ஊர்க்காரர்கள் பிடித்து அவனுக்குக் கட்டிவைக்கும் சந்தால் பழங்குடிப் பெண் பாஹாமணி. அவளைக் கொல்கத்தாவுக்கு அழைத்துவந்து, மனைவி என்று சொல்லத் தைரியமில்லாமல் தன் வீட்டிலேயே வேலைக்காரியாக வைக்கும் கோழைத்தனம். நாலு வருஷம் ஓடிய தொடர் அது. பாஹா உடுத்திய மாதிரிச் சேலைகள் துர்கா பூஜைச் சந்தையில் 'பாஹா சேலை' என்றே விற்றன. இந்தக் கதைதான் பிறகு இந்தியில் 'இம்லி' ஆனது.

குறையையும் சேர்த்தே சொல்லிவிடலாம். பாஹாவைத் தொடர் பார்த்தது நகரத்துக் கண்ணால்தான். சந்தால் மக்களின் வாழ்க்கை அதில் பெரும்பாலும் அழகான பின்னணியாக நின்றுவிட்டது. அந்த ஊர்ப் பெண் ஒருத்தி எழுதியிருந்தால் வேறு கதை கிடைத்திருக்கும். ஆனாலும் ஒரு பழங்குடிப் பெண் நடுவீட்டில் நின்று, படித்த குடும்பத்தின் பொய்யை நேருக்கு நேர் பார்ப்பதை லட்சக்கணக்கான வீடுகள் ஒவ்வொரு நாளும் பார்த்தன. அது சின்ன விஷயம் இல்லை. 'ஜோல் நூபுர்' தொடரில் அபராஜிதா ஆத்யா நடித்த பாரியும் இப்படித்தான்: மனவளர்ச்சி குன்றிய ஒரு பெண்ணைக் கேலிப்பொருளாக ஆக்காமல், வீட்டின் செல்லமாகவும் மனசாட்சியாகவும் லீனா எழுதினார்.

ஒரு தினசரித் தொடரின் எழுத்தாளர் செய்யும் வேலை எவ்வளவு என்று கணக்குப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஒரு எபிசோடில் விளம்பரம் போக இருபது நிமிஷக் கதை. வருஷத்துக்கு 300 எபிசோடு என்றே வைத்துக்கொள்வோம். அது 100 மணி நேரம். இரண்டரை மணி நேரப் படங்கள் நாற்பதுக்குச் சமம். 2021-ஆம் வருஷத்தில் 'ஸ்ரீமயி', 'மோஹர்', 'கொர்குட்டோ' ஆகிய மூன்று தொடர்களும் ஒரே சமயத்தில் ஓடிக்கொண்டிருந்தன. மூன்றும் லீனா எழுதியவை. வாரம் தவறாமல் வியாழக்கிழமை டி.ஆர்.பி. பட்டியல் வரும். எண்ணிக்கை இறங்கினால் நேரத்தை மாற்றுவார்கள்; இன்னும் இறங்கினால் தொடரையே மூடிவிடுவார்கள். நடிகருக்கு உடம்பு சரியில்லை என்றால் அந்தப் பாத்திரம் ஊருக்குப் போக வேண்டும். அந்தக் காட்சியையும் எழுத்தாளர்தான் எழுதித் தர வேண்டும்.

இந்த ஓட்டத்துக்கு ஒரு விலை இருக்கிறது. 2018 ஆகஸ்டில் சம்பள பாக்கி, மணிக்கணக்கில்லாத வேலை ஆகிய காரணங்களுக்காகக் கொல்கத்தா சின்னத்திரை நடிகர்கள் படப்பிடிப்பை நிறுத்தினார்கள். சேனல்கள் பழைய எபிசோடுகளைத் திரும்பப் போட வேண்டியதாயிற்று. முதலமைச்சர் மம்தா பானர்ஜி இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசிய பிறகுதான் செட்டில் மறுபடி விளக்கு எரிந்தது. ஒரு மாநிலத்தின் முதல்வர் தலையிடும் அளவுக்கு அங்கே தொடர் என்பது பெரிய தொழில், பல ஆயிரம் குடும்பங்களின் சோறு.

'ஸ்ரீமயி'க்கு வருவோம். நாற்பதைத் தாண்டிய, வளர்ந்த பிள்ளைகள் உள்ள ஒரு குடும்பப் பெண்ணைத் தலைப்பிலும் கதையிலும் நடுவில் வைத்தது லீனா எடுத்த பெரிய முடிவு. சின்னத்திரையில் அந்த வயதுக்காரிக்கு மாமியார் வேஷம்தான் என்பது எழுதாத சட்டம். புதுமருமகள் அழுவாள், மாமியார் கண்ணை உருட்டுவாள், அவ்வளவுதான். டி.வி. பார்ப்பவர்களில் பெரும்பங்கு யாரோ, அவர்களையே கதாநாயகியாக்கினால் என்ன என்று கேட்டது இந்தத் தொடர். சமையலறைக்குள் இருந்து வீட்டின் அரசியலைப் பார்க்கும் மரபு வங்காள இலக்கியத்தில் ஏற்கெனவே உண்டு. பள்ளிக்கூடம் போகாமலே எழுத்தாளரான ஆஷாபூர்ணா தேவி, கொல்கத்தாக் குடும்பப் பெண்களின் உள்வாழ்க்கையை எழுதியே 1976-க்கான ஞானபீட விருதைப் பெற்றார். அந்த விருதை வாங்கிய முதல் பெண் அவர்தான். லீனாவின் தொடர்களைப் பார்க்கும்போது அந்த வரிசையை மறக்க முடியவில்லை.

ஸ்டார் குழுமத்துக்கு மொழிக்கு ஒரு சேனல் இருந்ததால் ஸ்ரீமயி வேகமாக ஊர் ஊராகப் போனாள். மராத்தியில் 'ஆயி குடே காய் கர்தே'யின் அருந்ததி. மலையாளத்தில் 'குடும்பவிளக்கு' சுமித்ரா. தெலுங்கில் 'இன்டின்டி கிருஹலட்சுமி'யின் துளசி. நம் கஸ்தூரி நடித்தது. கன்னடத்திலும் ஒன்று வந்தது. இந்தியில் ராஜன் ஷாஹி தயாரிக்க, ரூபாலி கங்குலி நடித்த 'அனுபமா', அதே 2020 ஜூலையில் தொடங்கி நாடு முழுவதும் பேசப்பட்டது.

ஒரே கதை ஊருக்கு ஊர் எப்படித் திரும்பியது என்று பார்ப்பது சுவாரஸ்யம். கைத்தொழில் முதலில் மாறியது. அனுபமா நடனம் கற்றுக்கொடுத்தாள், அருந்ததி பாடினாள், நம் பாக்கியா மசாலா அரைத்து, கேட்டரிங் ஆர்டர் பிடித்து, தன் கைச் சமையலாலேயே நிமிர்ந்தாள். தமிழ்நாட்டில் எத்தனையோ பெண்கள் அப்பளமும் பொடியும் போட்டே பிள்ளைகளைப் படிக்கவைத்த கதை நமக்குத் தெரியும். ஆகவே அந்த மாற்றம் பொருந்தியது.

அடுத்தது மறுமணம். கொல்கத்தாவில் ஸ்ரீமயி தன் கல்லூரிக் கால நண்பர் ரோஹித் சென்னை மணந்தாள். டோட்டா ராய் சௌத்ரி நடித்த அந்தப் பாத்திரத்துக்கு அங்கே அப்படி ஒரு வரவேற்பு. இந்தியில் அனுபமா 2022-இல் அனுஜ் கபாடியாவைக் கல்யாணம் செய்துகொண்டாள். அருந்ததிக்கும் மறுமணம் நடந்தது. தமிழில் ரஞ்சித் நடித்த பழனிச்சாமி நல்ல நண்பராகவே நின்றுவிட்டார். விவாகரத்தான பெண் சொந்தக் காலில் நிற்பதைக் கைதட்டி ஏற்ற நாம், அவள் மாலை மாற்றுவதைப் பார்க்கத் தயாராக இல்லை என்று நம் தொடர்க்காரர்கள் நினைத்தார்கள் போலும். தனியாக நிற்பதும் ஒரு பெண்ணின் நல்ல தேர்வுதான், மறுக்கவில்லை. ஆனால் அது பாக்கியாவின் தேர்வா, நம் தயக்கமா என்பது யோசிக்க வேண்டிய கேள்வி.

பாக்கியா மட்டும் இல்லை. 2021-இல் விஜய் டி.வி.யில் வந்த 'காற்றுக்கென்ன வேலி', படிக்கத் துடிக்கும் பெண்ணின் கதை; அது லீனாவின் 'மோஹர்'. அதே வருஷம் வந்த 'நம்ம வீட்டுப் பொண்ணு', அவருடைய 'கொர்குட்டோ'. இந்தியில் 'கும் ஹை கிசிகே பியார் மேய்ன்' அவருடைய 'குசும் தோலா'வின் வழி வந்தது. ஒரு காலகட்டத்தில் இந்தியாவின் பாதி மொழிகள் சாயங்கால வேளையில் ஒரே பெண்ணின் கற்பனையைப் பார்த்துக்கொண்டிருந்தன என்றால் மிகையில்லை.

அமெரிக்காவில் இப்படி ஒரு பெண் எழுந்தபோது உலகமே அவர் பெயரைத் தெரிந்துகொண்டது. கறுப்பினப் பெண்ணான ஷோண்டா ரைம்ஸ் 2005-இல் 'கிரேஸ் அனாடமி' என்ற மருத்துவமனைத் தொடரை உருவாக்கினார்; இருபது வருஷம் தாண்டியும் அது ஓடுகிறது. 2012-இல் அவருடைய 'ஸ்கேண்டல்' வந்தபோது, ஒரு கறுப்பினப் பெண் பெரிய அமெரிக்க சேனலின் நாடகத்தில் நாயகியாகி ஏறக்குறைய நாற்பது வருஷம் ஆகியிருந்தது. அவருக்கும் முன்னால், 1993-இல் இவெட் லீ பௌசர் தன் தோழிகளோடு வாழ்ந்த வாழ்க்கையிலிருந்து 'லிவிங் சிங்கிள்' தொடரை உருவாக்கினார். நியூயார்க்கில் ஆறு கறுப்பின நண்பர்களின் கதை. உலகப் புகழ் பெற்ற 'ஃபிரெண்ட்ஸ்' வந்தது அடுத்த வருஷம்தான். அவர்கள் தாண்டிய நிறவெறிச் சுவரையும் லீனா நடந்த பாதையையும் ஒன்றென்று சொல்வது நியாயமாகாது. ஆனால் தன்னைப் போன்ற பெண்களை ஓரத்திலிருந்து நடுவுக்கு நகர்த்தியது மூவருக்கும் பொது. ரைம்ஸ் பெயரே அங்கே தொடருக்கு விளம்பரம். இங்கே லீனாவின் பெயர் வங்காளத்தைத் தாண்டினால் தெரிவதில்லை.

வங்காளத்துக்குள் அவர் பெயர் பெரிது. மாநில மகளிர் ஆணையத்தின் தலைவர் பொறுப்பையும் வகித்தவர். சைபலோடு சேர்ந்து 2018-இல் 'மாட்டி' என்ற படத்தை இயக்கினார். பங்களாதேஷில் இருக்கும் மூதாதையர் வீட்டைத் தேடிப் போகும் பெண்ணின் கதை அது. பாவ்லி தாம் நடித்தார். அடுத்த வருஷம் 'சாஞ்ஜ்பாத்தி'. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, முதியவர்கள் தனியாக வாழும் கொல்கத்தாவின் நிஜத்தை எடுத்துக்கொண்ட அந்தப் படத்தில் சௌமித்ர சட்டர்ஜியும் லில்லி சக்ரவர்த்தியும் நடித்தார்கள்.

அவர் மீது வைக்கப்படும் விமர்சனம் ஒன்று உண்டு: ஒரு ஆண், இரண்டு பெண்கள் என்ற முடிச்சு அவர் கதைகளில் அடிக்கடி வருகிறது. உண்மைதான். நாயகி அவமானப்படும் காட்சிகள் தேவைக்கு மேல் இழுக்கப்படுகின்றன. தினசரித் தொடரின் பசி அப்படி. என்றாலும், ஒரு விஷயத்தில் அவரை விட்டுக்கொடுக்க முடியாது. அவருடைய பெண்கள் கடைசியில் வாசல்படியைத் தாண்டுகிறார்கள். தாண்டிய பிறகும் கதை அவர்கள் கூடவே போகிறது.

2025 ஜனவரியில் ஸ்டார் ஜல்சாவில் அவருடைய 'சிரசகா' தொடங்கியது. வளர்ந்த பிள்ளைகளின் தாய் கமலினிக்கும் அவளுடைய நீண்டநாள் நண்பருக்கும் இடையிலான உறவே அதன் மையம். நாளைக்கு அதுவும் நம் வீட்டுக்குத் தமிழ்ப் பெயரோடு வரலாம். வந்தால், டைட்டில் ஓடும்போது ரிமோட்டைத் தேடாமல் 'கதை' என்ற இடத்தில் யார் பெயர் வருகிறது என்று பாருங்கள். வராவிட்டால், ஏன் போடவில்லை என்று சேனலுக்கு ஒரு வரி எழுதிக் கேளுங்கள்.