விழுந்தாரா? படுத்தாரா? கண்டுபிடிக்கும் எந்திரக் கண்!

வயதான பாட்டி வீட்டில் தனியாக இருக்கிறார். திடீரென்று தரையில் சாய்கிறார். தூங்குவதற்குப் படுத்தாரா? மயங்கி விழுந்தாரா?

பக்கத்தில் ஆள் இருந்தால் உடனே தெரிந்துவிடும். எந்திரத்துக்குத் தெரியுமா?

தெரியும்படி பழக்கலாம் என்கிறார்கள் விஞ்ஞானிகள்.

ஒளிப் புள்ளிகள்

இதற்கு வழி காட்டியவர்களில் ஒருவர் சுவீடன் நாட்டு மனோதத்துவ அறிஞர் குன்னார் ஜோஹான்சன். 1973-ம் ஆண்டில் அவர் ஒரு சோதனையை வெளியிட்டார்.

ஒருவருடைய தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் முதலிய மூட்டுகளில் ஒளிப் புள்ளிகள் வைக்கப்பட்டன. படத்தில் புள்ளிகள் மட்டுமே தெரிந்தன. அவை அசையாமல் இருந்தபோது, பார்த்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அசைந்ததுமே, நடப்பது மனிதன் என்று கண்டுகொண்டார்கள்!

முகம் வேண்டாம். உடையும் வேண்டாம். மூட்டுகளின் அசைவே போதும்!

விளையாட்டுக் கருவி

2010-ம் ஆண்டில் மைக்ரோசாப்ட் நிறுவனம் "கினெக்ட்" என்ற விளையாட்டுக் கருவியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வீசி, எதிரே இருப்பவர் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்று அது அளந்தது. அதைக்கொண்டு மூட்டுகள் இருக்கும் இடத்தைக் கணித்தது. அதன் தயாரிப்பு பின்னர் நின்றுவிட்டது. ஆனால் ஆராய்ச்சியாளர்களுக்கு அது நன்றாகக் கை கொடுத்தது.

சிங்கப்பூரில் உள்ள நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார், அதன் அடுத்த வகைக் கருவியால் எடுத்த படங்களை 2016-ல் வெளியிட்டனர். தண்ணீர் குடிப்பது, பல் துலக்குவது, கீழே விழுவது என்று 60 செயல்களை 40 பேர் செய்து காட்டினார்கள். மொத்தம் 56 ஆயிரத்து 880 துண்டுப் படங்கள்!

இப்படிப்பட்ட படங்களைத் திரும்பத் திரும்பக் காட்டித்தான் கம்ப்யூட்டரைப் பழக்குகிறார்கள்.

எங்கே தடுமாறுகிறது?

ஒரே ஒரு படம் போதாது. டம்ளர் வாயருகே இருக்கிறது. குடிக்கப் போகிறாரா, குடித்து முடித்தாரா? முன்னும் பின்னும் வரும் படங்களைப் பார்த்தால்தான் தெரியும்.

மேஜை மறைத்தால் கால் தெரியாது. மேலும், அந்தப் படங்களில் விழுந்தவர்கள் நடித்துக் காட்டியவர்கள். உண்மையில் மயங்குபவர் வேறு விதமாக விழலாம்.

சும்மா படுத்ததற்கெல்லாம் மணி அடித்தால், வீட்டார் சலித்துப்போய்க் கருவியை நிறுத்திவிடுவார்கள். விழுந்தபோது அடிக்காவிட்டாலோ, உயிருக்கே ஆபத்து!

மானம் காக்குமா?

வீட்டுக்குள் காமிரா வைத்தால் கூச்சமாக இருக்காதா? இருக்கும். தூரத்தை மட்டும் அளக்கும் காமிராவில் முகம் தெளிவாகத் தெரியாது. உருவம்தான் தெரியும். அது ஓரளவு ஆறுதல்.

ஆனாலும், பெரியவர்களின் அறையில் இதைப் பொருத்துவதற்கு முன், அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். வேண்டுமா, வேண்டாமா என்று சொல்லும் உரிமை அவர்களுக்கே உண்டு.