உலாவிகளின் முரண்பாடும் ஜேகுவெரியும்

வலைப்பக்கத்தில் பொத்தானை அழுத்தியதும் மறைந்திருந்த பட்டியல் விரிவதும், படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அனுப்பும் முன்பே எச்சரிக்கை தோன்றுவதும் பெரும்பாலும் உலாவிக்குள் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழியின் வேலைகளாகும். 1995ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாட்களில் இதன் முதல் வடிவத்தை உருவாக்கினார். ஆனால் நிரலாளர்களைப் பல ஆண்டுகள் வாட்டியது மொழியைவிட உலாவிகளுக்கு இடையிலான முரண்பாடே ஆகும்.

உலாவி ஒரு பக்கத்தைப் படிக்கும்போது, அதிலுள்ள தலைப்பு, பத்தி, படம், பொத்தான் ஆகிய உறுப்புகளைக் கிளைவிட்ட மரம்போல நினைவகத்தில் அமைத்துக்கொள்கிறது. டாம் எனப்படும் இந்த அமைப்பில் உரிய உறுப்பைத் தேடிப் பிடித்து மாற்றினால்தான் திரையில் மாற்றம் தெரியும். பயனர் சொடுக்குவது, விசையை அழுத்துவது போன்றவை ‘நிகழ்வுகள்’ எனப்படும். ஒரு நிகழ்வுக்கு நிரலைப் பிணைக்கப் பிற உலாவிகள் ‘ஆட் ஈவென்ட் லிஸனர்’ என்ற பொதுத்தர வழியைப் பின்பற்ற, இன்டர்நெட் எக்ஸ்புளோரர் தன் எட்டாம் பதிப்பு வரையில் ‘அட்டாச் ஈவென்ட்’ என்ற தனி வழியையே வைத்திருந்ததால், ஒரே வேலைக்கு இருவகை நிரல் எழுத வேண்டியிருந்தது.

2006 ஜனவரியில் ஜான் ரெசிக் நியூயார்க்கில் நடந்த பார்கேம்ப் கூட்டத்தில் வெளியிட்ட ஜேகுவெரி, இந்த முரண்பாடுகளைத் தனக்குள் மறைத்துக்கொண்டது. அடிக்கடி தேவைப்படும் வேலைகளுக்கான நிரல்களை முன்கூட்டியே எழுதித் தொகுத்து வைப்பதே நிரல் நூலகம், ஜேகுவெரியும் அத்தகையதே. பக்கத்தின் நிறத்தையும் எழுத்துருவையும் வகுக்கும் சிஎஸ்எஸ் மொழியில் உறுப்புகளைச் சுட்டப் பயன்படும் ‘தேர்ந்தெடுப்பி’ முறையையே நிரலுக்கும் கொண்டுவந்ததுதான் இதன் பெருஞ்சிறப்பு. டாலர் குறியை எழுதி, அடைப்புக்குள் தேர்ந்தெடுப்பியைக் கொடுத்தால், பொருந்தும் உறுப்புகள் அனைத்தும் ஒருசேரக் கிடைக்கும். அவற்றை மறை, நிறம் மாற்று, மெல்லத் தோன்றச் செய் என்ற கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து ஒரே வரியில் எழுதலாம். பொருந்தும் உறுப்பு ஒன்றுகூட இல்லாவிட்டாலும் ஜேகுவெரி பிழை காட்டாமல் நகர்ந்துவிடும். இது வசதிதான் என்றாலும், தேர்ந்தெடுப்பியில் ஓர் எழுத்து பிசகினால் ஏன் எதுவும் நடக்கவில்லை என்று தேடுவோருக்கு இந்த மௌனம் பெருந்தொல்லை.

பக்கத்தை முழுவதும் மீண்டும் ஏற்றாமல் வழங்கியிலிருந்து தரவை மட்டும் வரவழைக்கும் அஜாக்ஸ் நுட்பத்தையும் ஜேகுவெரி எளிதாக்கியது.

காலப்போக்கில் உலாவிகளே ‘குவெரி செலக்டர்’, ‘ஃபெட்ச்’ முதலிய வசதிகளைத் தமக்குள் கொண்டுவந்ததால், தேர்ந்தெடுப்பி வழியே தேடுவதற்கும் தரவை வரவழைப்பதற்கும் தனி நூலகம் தேவைப்படாமல் போயிற்று. கிட்ஹப் தளம் 2018இல் ஜேகுவெரியைக் கைவிட்டது; பக்க வடிவமைப்புக்கு உதவும் பூட்ஸ்ட்ராப் தொகுப்பு 2021இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அதை நீக்கியது. புதிதாக எழுதப்படும் சிறு தளத்துக்கு இன்று இதைச் சேர்க்க வலுவான காரணம் இல்லை.

வேர்ட்பிரஸ் என்னும் தள மேலாண்மை மென்பொருளில் அமைந்த தளங்களைப் பராமரிப்போரோ ஜேகுவெரியை அறியாமல் இருக்க முடியாது; அங்குள்ள பழைய செருகுநிரல்கள் பல இதை நம்பியே இயங்குகின்றன. புரோட்டோடைப் போன்ற வேறு நூலகங்களும் டாலர் குறிக்கு உரிமை கொண்டாடியதால், மோதலைத் தவிர்க்க வேர்ட்பிரஸ் அந்தக் குறியை விடுவித்தே ஜேகுவெரியை ஏற்றுகிறது. ஆகவே வேறிடத்தில் இயங்கிய வரியை அப்படியே ஒட்டினால் இயங்காது, குறிக்குப் பதிலாக ஜேகுவெரி என்ற முழுப்பெயரை எழுத வேண்டும்.