இயங்குதள மாற்றமும் வழங்கிக் கணினியில் தமிழ் எழுத்துகளின் நிலையும்

தமிழ்த்துறைகளும் பள்ளிகளும் தாம் திரட்டிய ஆவணங்களைத் தமக்கே உரிய ஒரு கணினியில் வைத்து, அதன்வழி இணையப்பக்கங்களையும் மின்னஞ்சலையும் நடத்தி வருவது இன்று புதுமையன்று. அவ்வாறு பணிபுரியும் கணினியை வழங்கி என்கிறோம். அதனை அடிநிலையில் இயக்கும் மென்பொருள் இயங்குதளமாகும். இயங்குதளத்திற்கு ஆயுள் உண்டு. டெபியன் ஏறத்தாழ ஈராண்டுக்கு ஒருமுறை புதிய பதிப்பாக வெளிவருகின்றது. செண்டோஸ் ஏழாம் பதிப்பின் ஆயுள் 2024 ஜூன் 30ஆம் நாளோடு முடிந்தது. எட்டாம் பதிப்போ 2029 வரை நீடிக்கும் என்று எதிர்பார்க்கப்பட்டிருந்தும் 2021ஆம் ஆண்டின் இறுதியிலேயே கைவிடப்பட்டது. ஆயுள் முடிந்த இயங்குதளத்திற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வாரா. ஆகவே மாற்றியே தீர வேண்டும். மாற்றிய பின்னர்ப் பக்கங்கள் திறந்து, அஞ்சலும் வந்து சேர்ந்துவிட்டால் பணி முடிந்ததென்று பொறுப்பாளர் கருதுவது இயல்பு. ஆங்கிலப் பக்கங்களுக்கு இது பெரும்பாலும் பொருந்தும். தமிழுக்கு ஏன் பொருந்தாது என்பதையே இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது.

இத்தொல்லை எதற்கு, பெருநிறுவனங்களின் இலவச இடத்தில் வைத்துவிடலாமே எனும் வினா எழக்கூடும். ஜியோசிட்டீஸ் 2009ஆம் ஆண்டில் மூடப்பட்டபோது அங்கிருந்த தனியார் பக்கங்களும் உடன் மறைந்தன. யாகூ குழுமங்கள் 2020 டிசம்பரில் முற்றாக நிறுத்தப்பட்டன. சுங்கை பட்டாணியில் வாழ்ந்த மருத்துவர் ஜெயபாரதி நடத்திய 'அகத்தியர்' உள்ளிட்ட தமிழ்க் குழுமங்கள் அங்குத்தான் இயங்கின. பிறர் இடத்தில் வைத்தவற்றின் ஆயுளைப் பிறரே உறுதி செய்கின்றனர். சொந்த வழங்கியில் அவ்வுரிமை நம்முடையது. அதனோடு சேர்த்துப் பராமரிப்புப் பொறுப்பும் நம்முடையதாகின்றது.

இப்பொறுப்பின் கனம் ஆவணத்தைப் பொறுத்தது. பகாங் மாநிலத்துக் கேமரன் மலையை எடுத்துக்கொள்வோம். போ தேயிலைத் தோட்டம் 1929ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. அம்மலையின் தோட்டங்களிலும் லெம்பா பெர்த்தாம் போன்ற பள்ளத்தாக்குகளிலும் வாழ்ந்த தமிழர்களின் வரலாற்றை எழுத முற்படுவோர்க்குப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, கோயில் வரவு செலவுக் கணக்கு, திருமண அழைப்பிதழ், குடும்பக் கடிதம் ஆகிய சிற்றேடுகளே அரிய சான்றுகளாக அமையக்கூடும். மலையின் ஈரக்காற்றில் தாள் நெடுநாள் நிற்பதில்லை. ஓர் ஆசிரியர் அவற்றைத் தட்டச்சு செய்து வழங்கியில் சேர்த்துவிட்டால், சில ஆண்டுகளில் அப்படியே மூலமாகிவிடும். ஒரு வழங்கியில் திருக்குறள் சிதைந்தால் நூறு இடங்களில் வேறு படிகள் கிடைக்கும். தோட்டத்துக் கோயில் கணக்கேட்டிற்கு அத்தகைய வாய்ப்பில்லை.

சிதைவு எவ்வாறு நேர்கின்றது என்பதற்கு நாம் நன்கறிந்த ஓர் ஒப்புமை உண்டு. ஓலைச்சுவடியில் பெரும்பாலும் புள்ளி இடப்படுவதில்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் அங்கு வடிவால் வேறுபடா. படிப்பவர் தம் மொழியறிவைக் கொண்டு எழுத்தை உறுதி செய்தார். சுவடியில் இல்லாத ஒரு செய்தி வெளியிலிருந்து சேர்க்கப்பட்ட பின்னரே பாடம் முழுமை பெற்றது. கணினிக் கோப்பும் அத்தகையதே. அதில் இருப்பவை பைட்டுகள் எனப்படும் எண்கள் மட்டுமே. அவ்வெண்கள் எந்தக் குறியேற்றத்தின்படி எழுத்தாக வேண்டும் என்பதை ஒரு சீட்டு சொல்கின்றது. அச்சீட்டு பெரும்பாலும் கோப்பிற்கு வெளியே, வழங்கியின் அமைப்புக் கோப்புகளில் உள்ளது. இயங்குதளத்தை மாற்றும்போது மாறுவன இவ்வமைப்புக் கோப்புகளே. பைட்டுகள் ஒன்றும் ஆகாமல் அப்படியே இருக்க, அவற்றின் பொருள் மட்டும் மாறிவிடுகின்றது.

முதலில் திஸ்கிக் காலத்துப் பக்கங்களைக் காண்போம். 1990களின் பிற்பகுதியில் பல நாட்டுத் தமிழார்வலர்கள் மின்னஞ்சல் வழியே விவாதித்து உருவாக்கிய குறியேற்றம் திஸ்கி. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் இலக்கிய நூல்கள் பல ஆண்டுகள் திஸ்கியில் வெளிவந்து, பின்னர் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டன. திஸ்கியில் 'கொ' என்பதைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே, கொம்பு, ககரம், கால் என மூன்று பைட்டுகளாக எழுதுவர். ஒருங்குறியில் ககரம் முன்னும் ஒகரக்குறி பின்னும் வரும். யு.டி.எஃப்-8 வடிவில் ஒவ்வொன்றும் மும்மூன்று பைட்டு. ஆகவே ஒன்றை மற்றொன்றாகப் படித்தால் எழுத்துப் பிழை என்னும் அளவில் நில்லாது, பக்கம் முழுவதும் பொருளற்றுப் போகின்றது. ரெட் ஹாட் வழிவந்த இயங்குதளங்களில் அப்பாச்சி இணைய வழங்கி எல்லாப் பக்கங்களையும் யு.டி.எஃப்-8 என்று அறிவித்தே அனுப்புமாறு அமைக்கப்பட்டிருந்தது. பக்கத்தின் உள்ளே ஆசிரியர் வேறு குறியேற்றத்தைக் குறித்திருந்தாலும் வழங்கியின் அறிவிப்பிற்கே உலாவி முதலிடம் தரும். நெடுநாள் ஒழுங்காக இருந்த திஸ்கிப் பக்கம் ஒரே இரவில் கட்டங்களாகவும் வினாக்குறிகளாகவும் மாறியதற்கு இவ்வொரு வரி போதுமானது. இதனைத் திருத்துவது எளிது. பழைய பக்கங்கள் உள்ள அடைவிற்கு மட்டும் அவ்வறிவிப்பை நீக்கிவிடலாம்.

தரவுத்தளத்தின் செய்தி இத்துணை எளிதன்று. மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் 2004இல் வெளிவந்த 4.1ஆம் பதிப்பு முதல் ஒவ்வொரு பத்திக்கும், அதனோடு பேசும் ஒவ்வோர் இணைப்பிற்கும் தனித்தனிச் சீட்டு ஒட்டலாயிற்று. வேறெதுவும் சொல்லாவிடில் அது மேலை ஐரோப்பிய மொழிகளுக்குரிய லத்தீன்-1 சீட்டையே ஒட்டியது. தமிழ்ப் பைட்டுகள் லத்தீன் என்ற பெயரோடு உள்ளே சென்று, அதே பெயரோடு வெளியே வந்தன. இருபுறமும் ஒரே பொய் சொல்லப்பட்டதால் திரையில் தமிழ் ஒழுங்காகவே தெரிந்தது. மைஎஸ்கியூஎல் 2018இல் 8.0ஆம் பதிப்பில் தன் இயல்பான சீட்டை ஒருங்குறிக்கு மாற்றிக்கொண்டது. அதற்கு முன்பே, 2015 டிசம்பரில் வெளிவந்த பி.எச்.பி. ஏழாம் பதிப்பு, பழைய மைஎஸ்கியூஎல் கட்டளைகளை நீக்கியதால் பக்கங்களின் நிரல்களைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. இவற்றுள் ஏதேனும் ஒன்றால் இணைப்பின் சீட்டு மட்டும் மாறினால், தரவுத்தளம் தன் கடமையைச் செவ்வனே செய்யும். லத்தீன் எனச் சீட்டிடப்பட்டவற்றை ஒருங்குறிக்கு மாற்றித் தரும். ஒருங்குறியில் ஐந்து குறிகளும் பதினைந்து பைட்டுகளும் கொண்ட 'தமிழ்' என்னும் சொல் முப்பது பைட்டுகளோ அதற்கு மேலோ ஆகி, தலைமேல் சாய்கோடிட்ட உரோமன் எழுத்துகளின் கூட்டமாகத் திரையில் தோன்றும்.

இந்நிலையைக் கண்டு பலர் அஞ்சுகின்றனர். உண்மையில் அஞ்சத்தக்கது வேறொன்று. உரோமன் எழுத்துக் கூட்டம் தெரியுமாயின் மூலப் பைட்டுகள் உள்ளே உயிரோடு உள்ளன. சீட்டைத் திருத்தினால் தமிழ் மீளும். ஒவ்வோர் எழுத்திற்கும் பதிலாக வெறும் வினாக்குறிகள் தரவுத்தளத்தின் உள்ளேயே பதிந்துவிட்டால், இல்லாத எழுத்தை எழுத இயலாமல் கணினி வினாக்குறியை இட்டு மூலத்தை அழித்துவிட்டது என்று பொருள். அதனை எவராலும் மீட்க இயலாது. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிவதே முதற்பணியாகும். மூன்றாவதாக ஒரு நிலை உண்டு. சிதைந்த பக்கத்தைக் கண்ட ஆசிரியர் நல்லெண்ணத்தோடு அங்கேயே அமர்ந்து திருத்தித் தட்டச்சு செய்கின்றார். பழைய பதிவுகள் ஒரு முறையிலும் புதியவை மற்றொரு முறையிலும் ஒரே அட்டவணையில் கலந்துவிடுகின்றன. பின்னர் முழு அட்டவணையையும் ஒரே கட்டளையால் மீட்க முற்பட்டால் புதியவை கெடும். ஆகவே சிதைவு தெரிந்தவுடன் செய்ய வேண்டியது வழங்கியைப் படிப்பதற்கு மட்டும் திறந்து வைத்து, எழுதும் வழியை மூடுவதாகும். மாலைக்குள் சரிசெய்துவிட வேண்டும் எனும் அவசரம் இங்குப் பெருந்தீங்கு.

கோயில் கணக்கேடுகளைக் கையாள்வோர்க்கு இன்னொரு செய்தி. மா, காணி, முந்திரி முதலிய பின்னக் குறிகளும் பழைய கணக்குக் குறிகளும் 2019இல் வெளிவந்த ஒருங்குறி 12.0இல் தனித் தொகுதியாக இடம்பெற்றன. அவை நான்கு பைட்டு நீளமுள்ளவை. மைஎஸ்கியூஎல் 'யு.டி.எஃப்-8' என்று பெயரிட்டிருந்த பழைய அமைப்போ மூன்று பைட்டுக்கு மேல் ஏலாது. கண்டிப்பு முறை இயங்காத வழங்கியில் அக்குறி வந்த இடத்தோடு அப்பதிவின் எஞ்சிய பகுதி முழுவதும் எச்சரிக்கை மட்டுமே தந்து வெட்டப்படும். நான்கு பைட்டு ஏற்கும் அமைப்பிற்கு முன்னரே மாறிக்கொள்வதன்றி வேறு வழியில்லை.

தேடலிலும் ஓர் இடர்ப்பாடு மறைந்துள்ளது. லினக்ஸ் இயங்குதளங்களின் அடிப்படை நூலகமாகிய ஜிலிப்சி, 2018இல் 2.28ஆம் பதிப்பில் எழுத்துகளின் வரிசை விதிகளைப் பெரிதும் மாற்றியது. 2019இல் வெளிவந்த டெபியன் பத்தாம் பதிப்பு அதனை ஏற்றது. போஸ்கிரெஸ் தரவுத்தளம் தன் சொல்லடைவைப் பழைய வரிசையில் கட்டி வைத்திருக்க, புதிய விதியின்படி தேடினால் அட்டவணையில் உள்ள பெயர் 'இல்லை' எனப்படலாம். ஒருவர் தம் பாட்டியின் பெயரைத் தேடிவிட்டு இல்லையென்று திரும்பிச் சென்றால், அப்பிழை எவர் காதுக்கும் எட்டாது. சொல்லடைவுகளை மீளக் கட்டுதல் இதற்குத் தீர்வு.

மின்னஞ்சலைப் பற்றிச் சுருக்கமாகவே கூறலாம். 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13இல் உள்ள டவ்காட் 2.4, பழைய அமைப்புக் கோப்பை ஏற்பதில்லை. புதிதாக எழுதித் தந்தால்தான் இயங்கும். இடையில் ஓரிரு நாள் வழங்கி நின்றுவிட்டால் கடிதங்கள் உடனே தொலைந்துவிடா. அனுப்பும் வழங்கிகள் மீண்டும் மீண்டும் முயலும். போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாக ஐந்து நாள் வரை முயல்கின்றது. நாம் அனுப்பும் கடிதங்களின் நிலைதான் கவலைக்குரியது. ஜிமெயில் 2024 பிப்ரவரி முதல் அனுப்புநர் விதிகளை இறுக்கியுள்ளது. கடிதத்திற்குக் கையொப்பமிடும் துணைநிரல் இயங்குதள மாற்றத்தின்போது எழாமல் இருந்துவிட்டால், துறையின் சுற்றறிக்கை மலையில் உள்ள ஆசிரியரின் எரிதப் பெட்டிக்குள் விழும். அனுப்பியவர்க்கு எந்த அறிவிப்பும் வாராது. ஆகவே மாற்றத்திற்குப் பின்னர் வெளி முகவரி ஒன்றிற்குத் தமிழ்த் தலைப்போடு கடிதம் அனுப்பி, அது எந்தப் பெட்டியில், எவ்வெழுத்தில் சேர்ந்தது எனப் பார்த்தல் வேண்டும்.

இவை அனைத்திற்கும் பொதுவான முறை ஒன்றுண்டு. இயங்குதளத்தை நேரடியாக மாற்றாமல், முழு வழங்கியையும் படியெடுத்து அப்படியின்மீது முதலில் மாற்றிப் பார்த்தல் நலம். 'கொ', 'கோ', 'கௌ', ஆய்தம், கிரந்த எழுத்துகள், பின்னக் குறிகள் அடங்கிய சோதனைப் பதிவு ஒன்றைத் தரவுத்தளத்தில் நிலையாக வைத்திருக்கலாம். அதன் எழுத்து எண்ணிக்கையும் பைட்டு எண்ணிக்கையும் மாற்றத்திற்கு முன்னும் பின்னும் ஒத்திருக்கின்றனவா என்று எண்ணிப் பார்ப்பது, கண்ணால் பார்ப்பதைக் காட்டிலும் நம்பத்தக்கது. இரு பொய்கள் சேர்ந்து திரையில் மெய்போல் தெரிவதை மேலே கண்டோம்.

படிகளை ஒரே இடத்தில் வைத்தலும் தகாது. 2013 அக்டோபர் 23ஆம் நாள் பின்னிரவில் சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கு வெள்ளத்தில் மூழ்கி, உயிர்களும் வீடுகளும் பறிபோயின. பதிவேடும் அதன் கணினிப் படியும் ஒரே கூரையின்கீழ் இருந்தால் இரண்டும் ஒன்றாகவே போகும். பள்ளத்தாக்கிற்கு வெளியே வைக்கும் படி, தரவுத்தளத்தின் துணையின்றித் திறக்கத்தக்க எளிய உரைக்கோப்பாக இருத்தல் வேண்டும். அதன் முதல் வரியிலேயே குறியேற்றத்தின் பெயர், படியெடுத்த நாள், படியெடுத்தவர் பெயர், மூல ஏடு இருக்கும் இடம் ஆகியவற்றை எழுதி வைக்கலாம். சுவடிகளைப் படியெடுத்தோர் இவற்றை இறுதி ஓலையில் குறித்து வைப்பதுண்டு.