வண்டி நிற்கும் இடத்தில் வலசை

அமெரிக்காவின் டெக்சஸ் கடற்கரையில் ஹை ஐலண்ட் என்றொரு சிற்றூர். ஏப்ரல் மாதம் அங்கே வந்து தங்கும் பறவை ஆர்வலர்கள் நல்ல வெயிலைக் கண்டால் முகம் சுளிப்பார்கள். அவர்களுக்கு வேண்டியது வாடைக்காற்றும் மழையும்.

காரணம் மெக்சிகோ வளைகுடாவின் அக்கரையில் தொடங்குகிறது. குளிர்காலத்தை மத்திய, தென் அமெரிக்காவில் கழித்த சிறு பறவைகள் யுகடான் தீபகற்பத்திலிருந்து பொழுது சாய்ந்ததும் கிளம்பி, ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் நீர்ப்பரப்பை ஒரே மூச்சில் கடக்கின்றன. நடுவே உட்கார ஒரு கிளை கிடையாது. சுமார் 3 கிராம் எடையுள்ள செந்தொண்டை ஓசனிச்சிட்டும் இந்தக் கூட்டத்தில் உண்டு. புறப்படுவதற்கு முன் உடம்பில் கொழுப்பைச் சேர்த்து எடையைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்கிக்கொள்ளும். அந்தக் கொழுப்புதான் வழிக்கு எரிபொருள்.

தென்காற்று பின்னாலிருந்து தள்ளினால் மறுநாள் பகலில் டெக்சஸ் கரையை எட்டிவிடும். எட்டியவை கரையில் நிற்பதில்லை. உயரத்திலேயே பறந்து உள்நாட்டுக் காடுகளுக்குப் போய்விடும். கீழே கழுத்து வலிக்க நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. 1960களில் லூசியானாவில் சிட்னி கோத்ரோ என்ற ஆய்வாளர் வானிலை ராடாரின் திரையில் இந்தப் பறவைத்திரள்களைப் பார்த்து ஆராய்ந்தபோதுதான், தலைக்கு மேல் எவ்வளவு போக்குவரத்து நடக்கிறது என்பது விளங்கத் தொடங்கியது.

கடலின் மேலேயே எதிர்க்காற்றும் மழையும் பிடித்துக்கொண்டால் கதை வேறு. தெம்பெல்லாம் தீர்ந்து, கண்ணில் படும் முதல் மரத்தில் வந்து விழும். ஹை ஐலண்டில் இருக்கும் ஓக் மரங்கள்தான் அந்த முதல் மரம். நிலத்தடி உப்புப்பாறை மேலே தள்ளியதால் சுற்றியுள்ள சதுப்புக்கு நடுவே இந்த ஊர் மட்டும் பத்து மீட்டர்போல மேடேறி நிற்கிறது. அப்படிப்பட்ட நாளில் ஒரே மரத்தில் ஆரஞ்சு, மஞ்சள், நீலம் என்று பத்துப் பன்னிரண்டு வகை வார்ப்ளர் என்னும் சிறு பறவைகள், ஆள் நிற்பதைக்கூடப் பொருட்படுத்தாமல் இடுப்புயரப் புதரில் புழு தேடிக்கொண்டிருக்கும். பறவைக்கு ஆகாத நாள்தான் பார்ப்பவருக்கு நல்ல நாள். இதைச் சொல்ல அவர்களுக்கே கொஞ்சம் கூச்சம்தான்.

அந்த நாள் எப்போது வரும்? வலசைக்கான மாதத்தைப் பகல் நீளமும் பறவையின் உள்கடிகாரமும் முடிவு செய்கின்றன. அது ஆண்டுக்காண்டு பெரிதாக மாறாது. தேதியை முடிவு செய்வது காற்று. சனி, ஞாயிறு விடுமுறைக்கு விமானம் பிடித்து வருபவர் பெரும்பாலும் வெறும் மரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். மூன்று வாரம் அங்கேயே கிடக்க முடிந்தவருக்கு வாய்ப்பு அதிகம். பணி ஓய்வு பெற்றபின் வீட்டை விற்றோ வாடகைக்கு விட்டோ, ஆர்.வி. எனப்படும் வீட்டுவண்டியிலேயே முழுநேரமும் வாழும் அமெரிக்கத் தம்பதியர் இந்த இடத்தில்தான் ஜெயிக்கிறார்கள். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் கூடவே இருப்பதால் அவர்களுக்குத் திரும்பிப் போகும் தேதி இல்லை. வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு அது ஓயாத பயணமாகத் தெரியும். பறவை பார்ப்பவர்களைப் பொறுத்தவரை வண்டியின் உண்மையான பயன், சரியான இடத்தில் வாரக்கணக்கில் நிற்க முடிவதுதான். டீசலை மடமடவென்று குடிக்கும் அந்தக் கனத்த வண்டியை நிறுத்திவைப்பது பணப்பைக்கும் நல்லது.

அவர்களுடைய ஆண்டு பறவையைச் சுற்றியே ஓடும். ஜனவரியில் மெக்சிகோ எல்லையை ஒட்டிய ரியோ கிராண்டே பள்ளத்தாக்கு. மினசோட்டா, அயோவா போன்ற பனி மாநிலங்களிலிருந்து குளிருக்குத் தப்பி இறங்கும் முதியவர்களை அங்குள்ளவர்கள் ‘குளிர்கால டெக்சஸ்காரர்கள்’ என்றே அழைக்கிறார்கள். அவர்களை நம்பி வண்டி நிறுத்தும் பூங்காக்களும் அங்கே நிறைய. பச்சை ஜே, சாச்சலாக்கா, கிஸ்கடி என்று, அமெரிக்காவின் மற்றப் பகுதிகளில் பெரும்பாலும் காணக் கிடைக்காத பறவைகள் அங்கே முற்றத்துக்கே வரும். நம் வயல்களில் மாட்டின் பின்னால் திரியும் உண்ணிக்கொக்கின் நெருங்கிய உறவையும் பார்க்கலாம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆப்பிரிக்காவிலிருந்து அட்லாண்டிக்கைத் தானாகவே கடந்து தென் அமெரிக்கா சேர்ந்து, அங்கிருந்து மெல்ல வடக்கே பரவிய இனம் அது.

மார்ச்சில் நெப்ராஸ்காவின் பிளாட் ஆறு. சுமார் 130 கிலோமீட்டர் நீளப் பகுதியில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட சாண்ட்ஹில் கொக்குகள் சில வாரங்கள் தங்கும். பகலில் அறுவடை முடிந்த வயல்களில் சிந்திய மக்காச்சோளம். இரவில் முழங்காலளவு நீரில் நின்றபடி தூக்கம். நரியோ வேறு வேட்டை விலங்கோ வந்தால் தண்ணீர் சலசலத்துக் காட்டிக்கொடுத்துவிடும். ஏப்ரலில் மீண்டும் தெற்கே வளைகுடாக் கரை. மே மாதம் ஒஹையோவில் ஈரி ஏரியின் தென்கரையில் மேகி மார்ஷ்: டெக்சஸில் பார்த்த அதே வார்ப்ளர் இனங்கள், இன்னொரு நீர்ப்பரப்பைத் தாண்டுமுன் இரை தேடி நிற்கும்.

செலவு? 62 வயது நிரம்பிய அமெரிக்கக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் 80 டாலருக்கு ஆயுள் அனுமதி அட்டை வாங்கினால், தேசியப் பூங்காக்களிலும் கட்டணம் வாங்கும் வனவிலங்குச் சரணாலயங்களிலும் நுழைவுக்கட்டணம் இல்லை. அதைவிடச் சுவையான ஏற்பாடு ஒன்று உண்டு. பல சரணாலயங்கள், வண்டி நிறுத்த இடமும் தண்ணீர், மின்சார, கழிவுநீர் இணைப்பும் கொடுத்து, பதிலுக்கு வாரத்தில் சில நாள் வேலை கேட்கின்றன. வருவோருக்கு வழி சொல்வது, பாதையில் வளர்ந்த புல்லை வெட்டுவது, பறவை எண்ணுவது. நியூ மெக்சிகோவின் போஸ்கே டெல் அப்பாச்சி போன்ற இடங்கள் இந்த வெள்ளைத்தலைத் தொண்டர்கள் இல்லாமல் திண்டாடிப்போகும் என்பது என் எண்ணம்.

எண்ணுவது என்றதும் ஒரு சிக்கல் எழுகிறது. ஓய்வுபெற்ற பறவை ஆர்வலரை உறுத்தும் சிக்கல் அது. பறவையைக் கண்டுபிடிப்பதில் பாதிக்கு மேல் காதின் வேலை. இலை அடர்ந்த காட்டில் கண்ணுக்குப் படுவது சொற்பம். ஆனால் வயதாக ஆக நம் காது முதலில் இழப்பது உயர்ந்த சுருதிகளை. உள்காதின் நத்தைக்கூட்டு வாயிலருகே இருக்கும் நுண்மயிர்ச் செல்கள்தான் அவற்றை வாங்குகின்றன. முதலில் தேய்வதும் அவையே. மனிதனுக்கு அவை மறுபடி முளைப்பதில்லை. பியானோவின் கடைசிக் கட்டை சுமார் 4,200 ஹெர்ட்ஸ். பொன்முடிக் கிங்லெட் என்ற சிறு பறவையின் கூவல் அதற்கு ஏறத்தாழ இருமடங்கு. பிளாக்போல் வார்ப்ளரின் பாட்டும் அந்த உயரத்தில்தான். அறுபதைத் தாண்டிய பலருக்கு இவை மெல்ல மறைந்துபோகின்றன. பைனாகுலரில் அலகு திறந்து மூடுவது தெளிவாகத் தெரியும், சத்தம் வராது.

இதனால் அறிவியலுக்கும் பாதிப்பு உண்டு. 1966இல் சாண்ட்லர் ராபின்ஸ் தொடங்கிவைத்த வட அமெரிக்க இனப்பெருக்கப் பறவைக் கணக்கெடுப்பில், ஒவ்வொரு தடத்திலும் 50 நிறுத்தங்கள், நிறுத்தத்துக்கு 3 நிமிடம். விடியற்காலையில் கேட்டதையும் பார்த்ததையும் குறிக்க வேண்டும். ஒரே தடத்தை ஒரே தொண்டர் பல ஆண்டுகள் தொடர்வது வழக்கம். கிங்லெட் குறைந்துவிட்டது என்று ஏடு சொன்னால், குறைந்தது பறவையா, எண்ணியவரின் செவியா? கணக்கெடுப்பவரின் வயதை இப்படிக் கணக்கில் எடுத்துப் பார்த்த ஆய்வுகள் வந்திருக்கின்றன. சில இனங்களில் வயதின் சாயல் எண்ணிக்கையில் படிகிறது.

பறவைகளுக்கு இந்தக் கவலையே இல்லை. 1988இல் வெளியான ஆய்வுகள், சேதமடைந்த செவிச்செல்களைப் பறவைகள் புதிதாக வளர்த்துக்கொள்கின்றன என்று காட்டின. 2017இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் கூகை ஆந்தைகளைச் சோதித்தபோது, கிழ ஆந்தைகளும் இளசுகளைப் போலவே கேட்டன. அவற்றில் ஒன்றுக்கு வயது 23. காது கேளாத மனிதர்களுக்கு இதிலிருந்து ஏதாவது கிடைக்குமா என்று ஆய்வுகள் நடக்கின்றன. அதுவரை கைபேசிதான் துணை. கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2021இல் மெர்லின் செயலியில் சேர்த்த ஒலியறியும் வசதி, பாடும் பறவையின் பெயரைத் திரையில் காட்டுகிறது. தானே உயர்சுருதி கேட்கும் திறனை இழந்த ஒலிப்பதிவாளர் லாங் எலியட், பறவைப் பாட்டின் சுருதியை இறக்கி முதியவர் காதுக்கு எட்டச் செய்யும் செயலியை உருவாக்கியிருக்கிறார். மெர்லின் சொல்வதைப் பார்க்காமலே நம்பிப் பட்டியலில் ஏற்றுபவர்களும் இருக்கிறார்கள். அது பறவை பார்த்ததாகாது என்பேன்.

காதுக்கு வேலையே வைக்காத இடம் வேண்டுமென்றால் தென்கிழக்கு அரிசோனா. அமெரிக்காவின் கிழக்குப் பாதியில் இனப்பெருக்கம் செய்யும் ஓசனிச்சிட்டு ஒன்றே ஒன்று. இங்கே பதினைந்துக்கும் மேற்பட்ட இனங்கள் பதிவாகியிருக்கின்றன. படகோனியா என்ற ஊரில் வாலி, மேரியன் பேட்டன் தம்பதி தங்கள் கொல்லைப்புறத்தில் சர்க்கரைத் தண்ணீர்க் குடுவைகளைத் தொங்கவிட்டு, முன்பின் தெரியாத பறவை ஆர்வலர்களுக்கெல்லாம் கதவைத் திறந்துவைத்தார்கள். சர்க்கரைச் செலவுக்கு விரும்பியவர்கள் காசு போட ஒரு டப்பா இருந்தது. அவர்கள் காலத்துக்குப்பின் முன்பு டூசான் ஆடுபான் என்றிருந்த டூசான் பேர்ட் அலையன்ஸ் அமைப்பு அந்த வீட்டை நடத்துகிறது. குடுவையில் நான்கு பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரை, சாயம் சேர்ப்பதில்லை. கோடை மழை இறங்கியபின் வரும் ஆகஸ்ட் மாதம் அங்கே நல்ல காலம். ஊதாமுடி ஓசனிச்சிட்டு குடுவைக்கு வரும்போது நாற்காலியில் உட்கார்ந்தே பார்க்கலாம். வண்டி நிறுத்த பக்கத்திலேயே படகோனியா ஏரி மாநிலப் பூங்கா இருக்கிறது. இடத்துக்கு முன்கூட்டியே பதிவு செய்துவிடுவது நல்லது.