1-ல் இருந்து 24-க்கு: 'சார்ஜென்ட் பெப்பர்' நிஜமாவே அவ்வளவு பெரிய ஆல்பமா?

எல்லாக் காலத்துக்குமான மிகச்சிறந்த 500 ஆல்பங்கள் என்று அமெரிக்க இதழான 'ரோலிங் ஸ்டோன்' வெளியிடும் பட்டியலை நீங்கள் பார்த்திருக்கலாம். 2003-ல் அதில் முதலிடம் பீட்டில்ஸ் குழுவின் 'சார்ஜென்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்'. 2012-லும் அதேதான். 2020-ல் புதிதாக வாக்கெடுப்பு நடந்தது. முதலிடத்துக்கு மார்வின் கே வந்தார். 'சார்ஜென்ட் பெப்பர்'? 24-வது இடம்.

பாட்டு அதே 13 பாட்டுதான். பாடியதும் அதே நாலு பேர்தான். அப்புறம் என்ன மாறியது?

ராக் ரசிகர்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இதை வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் ஆபீஸ் கேன்டீனிலும் ஒருநாள் யாராவது "அதெல்லாம் ஓவர்ரேட்டட் மச்சி" என்று ஆரம்பிக்கலாம். அதற்குள் இரண்டு தரப்பும் என்ன சொல்கின்றன என்று பார்த்துவிடுவோம்.

ஆல்பம் எப்படி உருவானது?

1966 ஆகஸ்ட் 29 அன்று சான் பிரான்சிஸ்கோவில் பீட்டில்ஸ் தங்களது கடைசிக் கட்டணக் கச்சேரியை நடத்தினார்கள். ரசிகர்கள் போடும் கூச்சலில், தாங்கள் வாசிப்பதே தங்களுக்குக் கேட்காத நிலை. போதும்டா சாமி என்று மேடையை விட்டு இறங்கினார்கள்.

இனி மேடையில் வாசிக்கப்போவதில்லை என்றால், மேடையில் வாசிக்க முடிகிற பாட்டாகத்தான் போட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அந்தச் சுதந்திரத்தில் பிறந்ததுதான் இந்த ஆல்பம்.

1963-ல் முதல் ஆல்பத்தின் 14 பாடல்களில் 10-ஐ ஒரே நாளில் பதிவு செய்தவர்கள் இவர்கள். இந்த முறை 1966 நவம்பரில் தொடங்கி 1967 ஏப்ரல் வரை ஸ்டூடியோவில் உட்கார்ந்தார்கள்.

கையில் இருந்ததோ 4 டிராக் டேப் மெஷின். நாலும் நிரம்பிவிட்டால், எல்லாவற்றையும் கலந்து இன்னொரு டேப்பில் ஏற்ற வேண்டும். அதில் மிச்சமாகும் டிராக்குகளில் புதிதாகப் பதிய வேண்டும். ஒவ்வொரு முறை இப்படி மாற்றும்போதும் ஒலியின் தெளிவு கொஞ்சம் குறையும். கலந்ததைப் பிறகு பிரிக்கவும் முடியாது. இன்று லேப்டாப்பில் நூறு டிராக் திறக்கும் உங்களுக்கு இது கேட்கவே தலை சுற்றும்.

ஆதரவாளர்கள் என்ன சொல்கிறார்கள்?

முதல் வாதம், ஸ்டூடியோவையே ஒரு வாத்தியமாக வாசித்துக் காட்டிய ஆல்பம் இது என்பது. கடைசிப் பாட்டான 'எ டே இன் த லைஃப்' அதற்கு நல்ல உதாரணம். 40 பேர் கொண்ட ஆர்கெஸ்ட்ராவை வரவழைத்து, அவரவர் வாத்தியத்தின் கீழ் ஸ்வரத்தில் ஆரம்பித்து, அவரவர் வேகத்தில் உச்சிக்கு ஏறச் சொன்னார்கள். ஒழுங்காகச் சேர்ந்து வாசித்தே பழகிய கலைஞர்களுக்கு இது விநோதமான கட்டளை. பாட்டின் முடிவில் பல பியானோக்களில் ஒன்றாக அடித்த ஒரே கார்டு, 40 நொடிக்கு மேல் மெல்ல மெல்லக் கரைகிறது.

இரண்டாவது வாதம், ஆல்பம் என்பது பாட்டுகளின் மூட்டை இல்லை, முழுசாகக் கேட்க வேண்டிய ஒரே படைப்பு என்ற எண்ணத்தைப் பெரிய அளவில் பரப்பியது இதுதான் என்பது. பாடல் வரிகளை அட்டையிலேயே அச்சிட்டார்கள். பிரிட்டனில் 27 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. 'ஆண்டின் சிறந்த ஆல்பம்' கிராமி விருதை வென்ற முதல் ராக் ஆல்பமும் இதுவே.

எதிர்த் தரப்பு?

எதிர்ப்பு இன்று நேற்று வந்ததில்லை. 1967 ஜூனிலேயே 'நியூயார்க் டைம்ஸ்' இதழில் ரிச்சர்ட் கோல்ட்ஸ்டீன் இந்த ஆல்பத்தைக் கடுமையாக விமர்சித்து எழுதினார். அலங்காரம் அதிகம், உள்ளே சரக்கு குறைவு என்பதுதான் அன்று முதல் இன்று வரை எதிர்ப்பாளர்களின் குற்றச்சாட்டு.

அடுத்து, 'கான்செப்ட் ஆல்பம்' என்ற பெயர். ஒரு கற்பனை பேண்ட் நடத்தும் கச்சேரி என்பதுதான் கரு. ஆனால் முதல் இரண்டு பாட்டோடு அது காணாமல் போய், கடைசிக்கு முந்தைய பாட்டில்தான் திரும்பி வருகிறது. தன் பாடல்களுக்கும் அந்தக் கருவுக்கும் சம்பந்தமே இல்லை என்று ஜான் லெனனே பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

இன்னொரு குறை: இதற்காக முதலில் பதிவான 'ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்', 'பென்னி லேன்' இரண்டும் ஆல்பத்தில் இல்லை. 1967 பிப்ரவரியில் தனி சிங்கிளாக வெளியிட்டுவிட்டார்கள். அப்படிச் செய்தது தன் பெரிய தவறு என்று தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் பின்னாளில் வருந்தினார். அந்த சிங்கிளைப் பிரிட்டனில் முதலிடத்துக்கு வரவிடாமல் தடுத்த பாட்டைப் பாடியவர் எங்கல்பெர்ட் ஹம்பர்டிங்க். அவர் பிறந்த ஊர் எது தெரியுமா? நம்ம மெட்ராஸ்.

'ரிவால்வர்' ஏன் உள்ளே வருகிறது?

எதிர்த் தரப்பின் பெரிய ஆயுதம், அதற்கு முந்தைய ஆண்டு வந்த 'ரிவால்வர்'. டேப் லூப், பின்னோக்கி ஓடும் கிட்டார், தம்புரா போன்ற சுருதி என்று எல்லாமே 1966-லேயே அதில் வந்துவிட்டன. பாட்டுக்குப் பாட்டு ஒப்பிட்டால் அதுதான் பலமானது என்பது இவர்கள் கட்சி. 2020 பட்டியலில் 'ரிவால்வர்' 11-வது இடம்.

இவ்வளவு நல்ல ஆல்பத்தை அன்றே ஏன் கொண்டாடவில்லை? இதற்கு ஒரு வியாபாரக் காரணமும் உண்டு. அமெரிக்காவில் வந்த 'ரிவால்வரில்' 14 பாட்டு இல்லை, 11தான். லெனனின் மூன்று பாடல்களை அங்குள்ள நிறுவனம் உருவி, முன்கூட்டியே வேறொரு ஆல்பத்தில் போட்டுவிட்டது. ஒரே பாடல் வரிசையோடு இரு நாடுகளிலும் வந்த முதல் பீட்டில்ஸ் ஆல்பம் 'சார்ஜென்ட் பெப்பர்'தான். 1987-ல் சி.டி. வந்த பிறகே, முழு 'ரிவால்வர்' அமெரிக்காவிலும் பொதுப் பதிப்பானது. அதுவரை அங்கே நடந்த ஒப்பீட்டில் ஒரு பக்கம் முழு ஆல்பம், மறுபக்கம் வெட்டுப்பட்ட ஆல்பம்.

நீங்கள் கேட்டது மோனோவா, ஸ்டீரியோவா?

1967-ல் பிரிட்டனில் பெரும்பாலான வீடுகளில் இருந்தது மோனோ பிளேயர். அதனால் பீட்டில்ஸ் கூடவே இருந்து பார்த்துப் பார்த்துச் செய்தது மோனோ மிக்ஸ். ஸ்டீரியோ மிக்ஸை ஸ்டூடியோ ஆட்கள் பிற்பாடு வேகமாக முடித்தார்கள். இரண்டும் ஒன்றில்லை. 'ஷீ இஸ் லீவிங் ஹோம்' மோனோவில் வேகமாகவும் சுருதி கூடியும் ஒலிக்கும். ஸ்டீரியோவில் மெதுவாக இழுக்கும்.

2017-ல் ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டின் புதிய ஸ்டீரியோ மிக்ஸ் செய்தார். கலப்பதற்கு முந்தைய மூல டேப்புகளை எடுத்து, மோனோவை வழிகாட்டியாக வைத்துக்கொண்டார். அந்தப் பதிப்பு பிரிட்டனில் மீண்டும் முதலிடம் பிடித்தது.

ஆக, "டல்லான ஆல்பம்" என்பவரும் "அதிரும் ஆல்பம்" என்பவரும் ஒரே ஒலியைக் கேட்டிருக்கவே மாட்டார்கள்.

இதில் நம் கலைஞர்கள் எங்கே?

இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டு 'விதின் யூ விதவுட் யூ'. ஜார்ஜ் ஹாரிசன் இந்தியா வந்து ரவிசங்கரிடம் சிதார் கற்றுத் திரும்பிய பிறகு எழுதியது. மற்ற மூவரும் இதில் வாசிக்கவில்லை. கமாஜ் தாட்டில் அமைந்த பாட்டு. கர்நாடக இசை தெரிந்தவர்கள் ஹரிகாம்போஜி ஸ்வரங்கள் என்று கண்டுபிடித்துவிடலாம்.

சிலருக்கு இது ஸ்கிப் பட்டன் பாட்டு. சிலருக்கு ஆல்பத்தின் உயிரே இதுதான். ஆனால் இந்தச் சண்டையில் அதிகம் பேசப்படாத விஷயம் ஒன்று உண்டு. தில்ருபாவும் தபலாவும் தம்புராவும் வாசித்தவர்கள், லண்டனில் இயங்கிய 'ஏஷியன் மியூசிக் சர்க்கிள்' அமைப்பின் வழியாக வந்த இந்தியக் கலைஞர்கள். அவர்கள் பெயர் அட்டையில் இல்லை. 'ரிவால்வரில்' தபலா வாசித்த அனில் பகவத்தின் பெயர் அட்டையில் இருந்தது. இங்கே அதுகூட இல்லை. அன்னா ஜோஷி, அம்ரித் கஜ்ஜர், புத்ததேவ் கன்சாரா, நட்வர் சோனி என்ற பெயர்கள் பரவலாகத் தெரியவந்தது பல பத்தாண்டுகள் கழித்து, ஆய்வுகளின் மூலம்.

அட்டையில் நான்கு இந்திய யோகிகளின் படம் உண்டு. காந்தியின் படமும் முதலில் இருந்தது. இந்தியாவில் எதிர்ப்பு வரும் என்று பயந்து ஈ.எம்.ஐ. நிறுவனம் அதை எடுக்கச் சொன்னது. நம் சந்தையைப் பற்றி யோசித்தவர்கள், நம் கலைஞர்களின் பெயரை எழுத யோசிக்கவில்லை.

சரி, பட்டியல் ஏன் மாறியது?

வாக்களித்தவர்கள் மாறினார்கள். 2020-ல் கலைஞர்கள், தயாரிப்பாளர்கள், விமர்சகர்கள் என 300-க்கும் மேற்பட்டோரிடம் புதிதாகக் கேட்டார்கள். சோல், ஹிப்-ஹாப், பெண் கலைஞர்களின் ஆல்பங்கள் மேலே வந்தன. 1960-களின் ராக்தான் எல்லாவற்றுக்கும் அளவுகோல் என்ற நினைப்பு போய்விட்டது. ஆல்பம் கீழே இறங்கியதாகத் தெரிவது, உண்மையில் வரிசையில் வேறு பலருக்கும் இடம் கிடைத்ததால்தான்.

இன்னொன்று, 'முக்கியமான ஆல்பம்' வேறு, 'பிடித்த ஆல்பம்' வேறு. முதல் கேள்விக்கு 'சார்ஜென்ட் பெப்பர்' இன்றும் வலுவான பதில். இரண்டாவதை எந்தப் பட்டியலும் உங்களுக்காக முடிவு செய்ய முடியாது. கேன்டீன் சண்டைகளில் பாதி, ஒருவர் முதல் கேள்விக்கும் இன்னொருவர் இரண்டாவதுக்கும் பதில் சொல்வதால் வருவதே.

நீங்கள் என்ன செய்யலாம்?

ஷஃபிளை அணைத்துவிட்டு 13 பாட்டையும் வரிசையாகக் கேளுங்கள். 40 நிமிடம்தான், ஒரு மெட்ரோ பயணம். அடுத்த நாள் 'ரிவால்வர்'. ஆப்பில் '2017 மிக்ஸ்', 'ரீமாஸ்டர்' என்று தலைப்பில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். 'விதின் யூ விதவுட் யூ' வரும்போது ஸ்கிப் செய்யாமல், பின்னால் அழும் அந்த தில்ருபாவை மட்டும் காதில் பிடியுங்கள்.

அடுத்த முறை யாராவது "ஓவர்ரேட்டட்" என்றால், உடனே பாயாதீர்கள். "எந்த வெர்ஷன் கேட்ட மச்சி?" என்று கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.