வோட்டும் வரிப்பணமும்

1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து சேலம், பாராமஹால் பிரதேசங்கள் கம்பெனியார் வசமாயின. காப்டன் ரீடும் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து தீர்வை விதித்தனர். வரிப்பணம் காக்கச் சங்ககிரி துர்க்கம் இருந்தது. அப்பணம் எதற்குச் செலவாயிற்று என்று கேட்கும் பாத்தியதை மட்டும் குடியானவனுக்கு இல்லை.

அப்பாத்தியதை எளிதில் வந்ததன்று. 1860-ல் ஜேம்ஸ் வில்ஸன் இந்திய சர்க்காரின் முதல் பட்ஜெட்டைச் சமர்ப்பித்தார். 1892-ம் வருஷத்துச் சட்டம் பட்ஜெட்டைப் பற்றிப் பேச அனுமதித்தது, வோட்டளிக்க அனுமதிக்கவில்லை. 1919-ம் வருஷத்துச் சீர்திருத்தம் மாகாண சபைகளுக்கு வோட்டையும் தந்தது. ஆனால் ஒதுக்கப்பட்ட இலாகாக்களில் சபை மறுத்த தொகையைக் கவர்னர் மீண்டும் சேர்த்துக் கொள்ளலாமென்றும் விதித்தது. இதற்குச் சீர்திருத்தம் என்று பெயர்!

பட்ஜெட் என்பது வெறுங் கணக்கன்று என்பதை நமது ஜில்லா 1937-ல் கண்டது. சேலத்தில் வக்கீலாயிருந்த ராஜாஜி, பிரதம மந்திரிப் பதவியோடு நிதி இலாகாவையும் ஏற்று, அக்டோபர் 1-ந் தேதி முதல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கை அமல் செய்தார். கள்ளுக்கடை வருமானம் போயிற்று. மதுவிலக்கு மற்ற ஜில்லாக்களுக்கும் பரவவே, 1939-ல் விற்பனை வரிச் சட்டம் வந்தது. எந்த வருமானம் ஏன் போயிற்று, எந்த வரி ஏன் வந்தது என்பதை வரி கொடுப்போர் அறியலாகும்படி நடந்த காரியம் அது.

1950-ல் அமலுக்கு வந்த அரசியல் சாசனத்தின் 203-வது ஷரத்துப்படி, மானியக் கோரிக்கைகளைச் சட்டசபை ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம். ஒரு காசும் கூட்ட இயலாது. கடன் வட்டி, ஹைகோர்ட் நீதிபதிகளின் சம்பளம் முதலியவை விவாதத்திற்குரியவையே யன்றி வோட்டுக்குரியவை யல்ல. நிதி ஒதுக்க மசோதா நிறைவேறிய பின்னரே கஜானா திறக்கும். போதாததற்குத் துணை மானியக் கோரிக்கை உண்டு.

இவ்வளவு அருமையாய்ப் பெற்ற அதிகாரம் இன்று பிரயோகமாகும் விதம் நமக்குத் திருப்தியளிக்கவில்லை. கோடிக்கணக்கான ரூபாய்க்குரிய கோரிக்கைகள் புகழுரைகளுக்கிடையே சில மணி நேரத்தில் நிறைவேறுகின்றன. மார்ச் 31-ந் தேதிக்குள் செலவாகாத ஒதுக்கீடு காலாவதியாகிறது. ஆகவே, பத்து மாதம் உறங்கிய சாலை வேலை பதினோராம் மாதத்தில் திடுக்கிட்டு விழிக்கிறது. தணிக்கை அறிக்கையைப் பொதுக் கணக்குக் குழு ஆராய்வதெல்லாம் பணம் போன பிறகுதான்.

எனவே, சங்ககிரித் தொகுதி வாசிகள் தங்கள் அங்கத்தினரை ஜனவரியிலேயே கேட்க வேண்டும்: நமது சாலைக்கும் ஏரிக்கும் எந்தக் கோரிக்கையின் கீழ் எவ்வளவு ஒதுக்கினார்கள்? டிசம்பர் முடிய எவ்வளவு செலவாயிற்று? ஏப்ரலில் கேட்பவருக்குக் கிடைப்பது அடுத்த வருஷத்து வாக்குறுதியே.